களையான முகம்

ஒரு படம் அனுப்பினால் அது எத்தனை விநாடியில் திரையில் வரும் என்று தாணுமாலயன் கேட்டார். மூன்று விநாடி என்று ஜெஸ்லின் சொன்னாள். சொல்லும்போது அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், பில் போடும் மேசைக்கும் வேலைக்காரர்கள் உள்ளே வரும் கதவுக்கும் நடுவில் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூணுக்குச் சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்து, அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டியிருந்தார்கள். பத்து வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில்தான் அவளுடைய அம்மாவின் படம் ஒட்டியிருந்தது.

சாலைக் கடைத்தெருவில் தாணுமாலயனின் ஜவுளிக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் தொடங்கிய கடை அது. இப்போது கிள்ளிப்பாலம் போகும் வழியில் நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஓணத்துக்கு முன்னால் திறப்பு விழா. உடுத்திப் பார்த்த துணியோடு வாடிக்கையாளர்கள் படமெடுத்து அனுப்ப வேண்டும், அது உடனே எல்லா மாடிகளிலும் உள்ள பெரிய திரைகளில் வர வேண்டும் என்பது அவருடைய மகள் திவ்யலட்சுமியின் யோசனை. அதைச் செய்து தருவதற்குத்தான் கழக்கூட்டம் என்ற பகுதியில் ஒரு மாடியில் இரண்டு அறை வைத்து ஆறு பேரோடு கம்பெனி நடத்தும் ஹரிகுமார், ஜெஸ்லினையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். உண்மையில் இந்த வேலையைத் தனக்குத் தரும்படி அவனிடம் கேட்டு வாங்கியவள் அவள்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வேலையை வலிய வந்து கேட்பவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

கண்டவன் எல்லாம் கண்ட படத்தையும் அனுப்பினால் என்ன செய்வது என்று தாணுமாலயன் அடுத்ததாகக் கேட்டார். அதைக் கண்டுபிடித்துத் தள்ளுவதற்கு சாஃப்ட்வேர் இருக்கிறது என்றான் ஹரிகுமார். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"என் கடைச் செவுத்துல யாரு மொகம் இருக்கணும், யாரு மொகம் இருக்கப்படாதுன்னு நான்லா சொல்லணும். அத மெஷினு சொல்லுகதுக்கா நான் இங்க இருக்கேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எப்போதும் சிரித்த முகம். நெற்றியில் சந்தனம், தும்பைப்பூ போல வேட்டி, வந்தவர்களுக்கு உடனே டீ. ஒருதடவை பார்த்த முகம் தனக்கு மறக்காது என்றும், முப்பது வருடம் கழித்து வந்தாலும் இன்ன ஊர் இன்ன வீடு என்று சொல்லிவிடுவேன் என்றும் ஜெஸ்லினிடம் பெருமையாகச் சொன்னார். ஜெஸ்லினின் முகத்தில் பாதி அவளுடைய அம்மாவின் முகம்தான். மூக்கும் தாடையும் அப்படியே. அவர் அந்த முகத்தைப் பார்த்து, டீ ஆறுகிறது, குடி மோளே என்றார். அவள் குறிப்பேட்டில், 'அனுமதி தருபவர்: முதலாளி' என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

அம்மா ஜெபமலர் அந்தக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். மூன்று வருடம் உள்பாவாடை, ஜாக்கெட் துணி. பிறகு மூன்று வருடம் பட்டு. பட்டுப் பிரிவுக்குப் போவது என்றால் முதலாளிக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்த ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு, கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டிய இரண்டு அறை வாடகை வீட்டில் குடியிருந்த பெண்ணுக்கு அது பெரிய காரியம். ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காஞ்சிபுரம் பட்டைக் காணவில்லை. கேமராவில் ஓட்டிப் பார்த்தபோது அதைக் கடைசியாக விரித்துக் காட்டியவள் ஜெபமலர். அவ்வளவுதான் கேமராவில் இருந்தது. அவள் எடுத்ததாகவோ ஒளித்ததாகவோ ஒன்றும் இல்லை. விரித்துக் காட்டினாள், மடித்தாள், கேமராவின் பார்வையை விட்டு நகர்ந்தாள்.

தாணுமாலயன் போலீசுக்குப் போகவில்லை. ஒரு பெண்ணைப் போலீசில் கொடுக்க மனம் வரவில்லை என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டவர்கள் அவரை நல்லவர் என்றார்கள். அன்றே கணக்கு முடித்து அவளை வெளியே அனுப்பினார். மறுநாள் கேமராவிலிருந்து அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து, மலையாளத்திலும் தமிழிலும் 'இவரைக் கடைக்குள் அனுமதிக்க வேண்டாம்' என்று போட்டு, தூணில் ஒட்டினார். வாடிக்கையாளர் யாரோ சொன்னதற்கு அவள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்துப் படம் அது. கையில் பாதி விரிந்த சேலை, வாய் திறந்த சிரிப்பு, முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஜெஸ்லின், பள்ளிக்கூடச் சீருடையோடு போய் அதைப் பார்த்தாள். கூட வந்த தோழியின் போனில் அதைப் படமெடுத்துக்கொண்டாள். எதற்கு எடுக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவளிடம் நாலு போன் மாறியது. ஒவ்வொன்று மாறும்போதும் முதலில் புது போனுக்குக் கொண்டுபோனது அந்தப் படத்தைத்தான்.

அப்பா ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லிவிடு, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா அவருடைய சோற்றில் மீன்குழம்பை ஊற்றினாள். அதன்பின் எட்டு வருடம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை கிடையாது, கேள்வியும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் அவர் போனார். அவர் நம்பினாரா நம்பவில்லையா என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அம்மா சாலைக் கடைத்தெருப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்க சபைப் பெண்கள் கூப்பிட்டால் கால்வலி என்பாள். கடைத்தெருவை ஒட்டிய கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி ஐந்து நிமிடத்தில் போகவேண்டிய இடத்துக்குத் தம்பானூரில் இறங்கிச் சுற்றிப் போவாள். ஜெஸ்லின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே படித்தாள். மதிப்பெண் வாங்கினாள், வேலை வாங்கினாள். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை எல்லோரும் மெச்சினார்கள். அதற்கு அடியில் என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியாது.

வேலை தொடங்கியது. கேட்கும்போது எளிதாகத் தெரிந்தது, செய்ய உட்கார்ந்தபோதுதான் முரண்டு பிடித்தது. உடை மாற்றும் அறைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வாடிக்கையாளர் படம் அனுப்புவார். அது தாணுமாலயன் கையிலுள்ள டேப்லெட்டுக்குப் போகும். அவர் பச்சைப் பொத்தானைத் தொட்டால் பதினான்கு திரைகளிலும் வரும், சிவப்பைத் தொட்டால் அழிந்துவிடும். முதலில் ஒவ்வொரு திரையும் ஐந்து விநாடிக்கு ஒருதடவை, புதுப் படம் ஏதும் உண்டா என்று சர்வரைக் கேட்கும்படி எழுதினாள். பதினான்கும் சேர்ந்து நச்சரித்ததில் கடையின் வைஃபை திணறியது; கீழ்த்தளத் திரையில் புதிதாக அனுப்பிய மாப்பிள்ளை வந்து நிற்க, மூன்றாம் மாடித் திரையில் பழைய படத்துக் குழந்தையே உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, படம் வந்ததும் சர்வரே திரைகளைக் கூப்பிட்டுச் சொல்லும்படி மாற்றினாள். சில போன்களிலிருந்து வந்த படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தன. முதல் சோதனையில் ஹரிகுமார் திரையில் படுத்துக் கிடந்ததைப் பார்த்து ஆபீசே சிரித்தது. போனில் எடுத்த படங்கள் எல்லாம் நெட்டையாக இருக்க, திரைகள் அகலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் கறுப்பாக விழுந்தது. திவ்யலட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. அதனால் இரண்டு படங்களை அருகருகே போட்டாள். புதிது இடப்பக்கம் வரும், அதற்கு முன்னால் வந்தது வலப்பக்கம் நகரும். எல்லாம் சோதித்துப் பார்ப்பதற்காக, தன் போனிலிருந்து வரும் படம் மட்டும் டேப்லெட்டுக்குப் போகாமல் நேரே திரைக்குப் போகும்படி ஒரு வரி எழுதியிருந்தாள். கடையிடம் ஒப்படைக்கும் முன்னால் அழிக்க வேண்டிய வரி. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக அடிபட்டன. அது மட்டும் நின்றது. அந்த வரியை எழுதும்போது மனதில் ஒன்றும் இருக்கவில்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

திவ்யலட்சுமிதான் இடைஞ்சலாக இருந்தாள். ஜெஸ்லினைவிட மூன்று வயது மூத்தவள், சாப்பாட்டு நேரத்தில் தன் பாத்திரத்திலிருந்து பாதியை எடுத்து வைப்பாள், ஒன்றைத் தீர்மானிக்கும் முன் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பாள். புதுக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் வேண்டும் என்று அப்பாவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கியவள். அவள் எதிரில் இருக்கும்போது வெறுப்பைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து போனில் உள்ள அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் கை வலி போய்விடும்.

திறப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மூன்றாம் மாடியில் வைஃபை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவளை, அலமாரிகளில் பட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் வெகுநேரம் பார்த்தாள். அவள் அம்மிணி. அம்மாவோடு வேலை பார்த்தவள், இப்போது பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வை. ஜெபமலருக்க மோளா என்று மெல்லக் கேட்டாள். ஜெஸ்லின் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாள். அம்மிணி சுற்றிலும் பார்த்துவிட்டு அவளை உடை மாற்றும் அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் திரைச்சீலையைப் போட்டாள்.

"அந்த சாரி கிட்டி, மோளே. பதினோராவது நாளு. ஃபால்ஸ் அடிக்க ஆரியசாலைத் தையல்கடைக்குக் கொடுத்த துணிக்கெட்டுல தவறிப் போயிருக்கு. தையல்காரன் கொண்டுவந்தான். நானாக்கும் அத மொதலாளி கையில கொடுத்தது. செரி, உள்ள வையின்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

படம்? என்று ஜெஸ்லின் கேட்டாள். அம்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். படத்தை எடுத்துவிடலாமா என்று தானே ஒருதடவை கேட்டதாகவும், எடுத்தால் தப்பு நம் பக்கம் என்று ஆகிவிடும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். நாலு வருடம் இருந்தது. சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் சுரண்டி எடுத்தார்கள். அம்மாவிடம் வந்து சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லையா என்று ஜெஸ்லின் கேட்கவில்லை. கேட்காமலே அம்மிணி அழுதாள். இரண்டு பெண்பிள்ளைகள், கணவன் படுக்கையில் என்று என்னவோ சொன்னாள். ஜெஸ்லின் திரைச்சீலையை விலக்கி வெளியே வந்து, வைஃபை எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டாள். பத்து வருடமாக அம்மா குற்றமற்றவள் என்பது ஒரு நம்பிக்கையாக இருந்தது, இப்போது அது ஒரு செய்தி. செய்தியை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்து அம்மா பின்வாசலில் சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெஸ்லின் சொன்னாள். அம்மா கத்தியை நிறுத்தவில்லை. மிச்சமிருந்த மீன்களை நறுக்கி முடித்து, கழுவி, உப்பும் மஞ்சளும் புரட்டி வைத்துவிட்டு, பதினோரு நாளா என்று மட்டும் கேட்டாள். ஜெஸ்லின் தன் திட்டத்தைச் சொன்னாள். தாணுமாலயனின் படத்தை எடுத்து, அதே சிவப்பு வட்டம் போட்டு, அதே எழுத்துகளில் இவர் பொய்யர் என்று போட்டு, திறப்பு விழா நடக்கும்போது பதினான்கு திரைகளிலும் காட்டப்போகிறாள். அந்தப் படத்தை ஏற்கெனவே செய்தும் வைத்திருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"அவரு மொகம் என்னத்துக்கு? என் மொகத்தப் போடு. இப்பத்த மொகம். நான் அங்க வாறேன்."

ஜெஸ்லினுக்கு விளங்கவில்லை. அம்மா நிதானமாகச் சொன்னாள். ஒரு வாடிக்கைக்காரியாக முன்வாசல் வழியாக வருவாள். ஒரு பட்டைத் தோளில் போட்டுப் படமெடுத்து எல்லோரையும்போல அனுப்புவாள். அது அவர் கைக்குப் போகட்டும். அவர் பார்க்கட்டும். சிவப்பைத் தொட்டார் என்றால், ஜெஸ்லின் போனில் வைத்திருக்கும் அந்தப் பழைய தூண் படத்தைத் திரையில் போட வேண்டும். பச்சையைத் தொட்டார் என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். அவருக்குத் தெரிந்துதான் இடம் கொடுத்தார் என்று வைத்துக்கொண்டு வந்துவிடலாம். பச்சையைத் தொட்டால் அது உங்களுக்குப் போதுமா என்று ஜெஸ்லின் கோபமாகக் கேட்டாள்.

"போதுமான்னு எனக்குத் தெரியாது மக்கா. அந்த ஆளு என்னையப் பாக்காமலே தீர்ப்பு சொன்னாரு. ஒருக்கா பாத்துட்டு சொல்லட்டு."

பிறகு, அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"ஒங்கப்பா கேட்டாவ. நீ கேக்கல. நான் குளிக்கப் போனப்ப எனக்க பெட்டியத் தொறந்து பாத்த."

பத்து வருடமாக யாருக்கும் தெரியாது என்று ஜெஸ்லின் நினைத்திருந்த ஒன்று அது. கல்யாணச் சேலைக்கு அடியில், ஞானஸ்நானச் சீட்டுக்கு அடியில், ஒவ்வொரு மடிப்பாகக் கைவிட்டுத் தேடியிருந்தாள். பட்டு இல்லை என்றதும் வந்த நிம்மதியையும், அந்த நிம்மதிக்கு என்ன அர்த்தம் என்று புரிந்ததும் வந்த அருவருப்பையும் அவள் மறந்ததில்லை. அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு இத்தனை நாளும் எரித்துக்கொண்டிருந்தது எதை என்று அந்த நிமிடத்தில் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. அடுக்கு மாறியிருந்தது, அதனால் தெரிந்தது என்றாள் அம்மா, எண்ணெயை ஊற்றிக்கொண்டே. நீயாவது பார்த்துவிட்டுத்தான் மூடினாய் என்றும் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஜெஸ்லின் ஹரிகுமாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தாள். நேரே திரைக்குப் போகும் வழியைத் தான் மட்டுமே வைத்ததாகவும், கம்பெனிக்கோ அவனுக்கோ இது தெரியாது என்றும், இதையே ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினாள். அனுப்பவில்லை. அம்மா சொன்னதுபோல அவர் பச்சையைத் தொட்டுவிட்டால் அனுப்பத் தேவையிருக்காது. அப்படி நடந்துவிடக்கூடாதே என்றுதான் மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொண்டிருந்தது.

காலை பதினோரு மணிக்கு ஒரு சீரியல் நடிகை வந்து குத்துவிளக்கு ஏற்றினாள். செண்டை மேளம் ஓய்ந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. கசவு முண்டு, பட்டுப்பாவாடை, மாப்பிள்ளைச் சட்டை என்று படங்கள் வரத் தொடங்கின. தன் முகம் தலைக்கு மேலே பெரிதாக வந்ததைப் பார்த்து ஒரு கிழவர் கும்பிட்டார். கீழ்த்தளத்தில், பெரிய திரைக்கு எதிரில் போட்டிருந்த நாற்காலியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த தாணுமாலயன் சின்னப்பிள்ளைபோல ஆகிவிட்டார். பச்சை, பச்சை, பச்சை. நாக்கைத் துருத்திய ஒருவனுக்கும் பனியனோடு நின்ற ஒருவனுக்கும் மட்டும் சிவப்பு. ஏதாவது கோளாறு வந்தால் பார்த்துக்கொள்வதற்காக ஜெஸ்லின் அவருடைய நாற்காலிக்குப் பின்னாலேயே மடிக்கணினியோடு நின்றாள். வாசலில் அம்மா வந்ததை அங்கிருந்தே பார்த்தாள். சாம்பல் நிறச் சபைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. பன்னீர் தெளிக்கும் பெண் அவள்மேலும் தெளித்தாள். காவலாளி சலாம் வைத்தான். அம்மா ஒரு கணம் நின்று, உள்ளே கால் வைத்து, கூட்டத்தோடு லிஃப்டுக்குள் போனாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு டேப்லெட்டில் அம்மா வந்தாள். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட பட்டு தோளில் வழிந்தது. அம்மிணிதான் மடிப்பு வைத்துவிட்டிருக்க வேண்டும், அத்தனை நேர்த்தி. காதோரம் நரை. சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று நிற்கிறவர்களின் முகம். தாணுமாலயனின் விரல் பொத்தானுக்குப் போகாமல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்ல களையான மொகம்," என்றார். "இந்த மாதிரி உள்ளவங்க உடுத்தினாத்தான் பட்டுக்கே ஒரு மரியாத." பச்சையைத் தொட்டுவிட்டு, அந்த அம்மாளுக்கு ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும், யாரென்று பார், அதுவரை வேறு படம் விடமாட்டேன் என்று பக்கத்தில் நின்ற திவ்யலட்சுமியிடம் சொன்னார். மூன்று விநாடியில் ஜெபமலர் நாலு மாடிகளிலும் வந்து நின்றாள்.

இதை அம்மாவும் மகளும் எதிர்பார்க்கவில்லை. தெரிந்து தடுப்பார், அல்லது தெரிந்து விடுவார் என்றுதான் பேசி வைத்திருந்தார்கள். தெரியாமலே விடுவார் என்று நினைக்கவில்லை. அவர் நாலு வருடம் தினமும் கடந்துபோன முகம். அவர் ஒட்டிய முகம். அதை அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை. ஜெஸ்லினின் போன் அதிர்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்து அம்மா. என்ன சொன்னார் என்று கேட்டாள். ஜெஸ்லின் அப்போது எதையும் சொல்லியிருக்கலாம். அவர் கண் கலங்கினார் என்று சொன்னால்கூட அம்மா நம்பியிருப்பாள், ஒரு சேலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள், மிச்ச நாளை அதை வைத்து ஓட்டியிருப்பாள். திவ்யலட்சுமி அந்த அம்மாளைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிகுமார் தூரத்தில் யாரோடோ கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

"களையான மொகம்னு சொன்னாரும்மா. பரிசு குடுக்கணுமாம்."

மறுமுனையில் யாரோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது.

"அப்ப அவருக்கு நான் யாருன்னே தெரியல," என்றாள் அம்மா. பிறகு, "போடு மக்கா," என்றாள்.

ஜெஸ்லின் முதலில் ஹரிகுமாருக்கு எழுதிய கடிதத்தை அனுப்பினாள். அடுத்து அந்தப் படத்தை அனுப்பினாள்.

திரைகளில் மாம்பழப் பட்டு வலப்பக்கம் நகர்ந்தது. இடப்பக்கம், கொஞ்சம் மங்கலாக, தூணின் ஓரம் தெரிய, வாய் திறந்து சிரிக்கும் ஒரு இளம்பெண் வந்தாள். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே ஆள்தானே என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாள். கேள்வி வாய்வழியாகப் பரவியது. படமெடுக்கத் தூக்கிய போன்கள் அப்படியே நின்றன, யாரும் எதையும் அனுப்பவில்லை. தாணுமாலயன் இதை யார் விட்டது என்று கேட்டபடி டேப்லெட்டைத் தடவினார். அதில் அந்தப் படத்துக்கென்று தொடுவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. பிறகுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். முதலில் இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். அவருடைய சிரிப்பு உடனே போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் முகத்தில் கிடந்தது.

திவ்யலட்சுமிக்குத் தூண் அடையாளம் தெரிந்துவிட்டது. கல்லூரி விடுமுறைகளில் கல்லாவில் வந்து உட்கார்ந்திருந்தவள் அவள். அப்பா, இவங்க அந்தச் சேலை எடுத்தவங்க இல்லையா என்று கேட்டாள். ஜெஸ்லின் சொன்னாள், யாரும் எடுக்கவில்லை, பதினோராம் நாள் தையல்காரனிடமிருந்து திரும்பி வந்து உங்கள் அப்பா கையில் சேர்ந்தது என்று. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். திவ்யலட்சுமி அவளுடைய மூக்கையும் தாடையையும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஜெஸ்லின், அத எடுத்துடு. ப்ளீஸ். நான் அப்பாகிட்ட பேசறேன், என்ன வேணும்னாலும் பேசறேன். இப்ப எடுத்துடு."

அவள் தன் பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்த சோறெல்லாம் ஜெஸ்லினுக்கு ஞாபகம் வந்தது. விரல் மடிக்கணினியின் மேல்தான் இருந்தது. ஒரு தட்டு போதும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, போனைக் கையில் ஏந்தியபடி, வெளுத்த முகத்தோடு ஹரிகுமார் வந்துகொண்டிருந்தான்.

"எங்கம்மா எறங்கி வந்துரட்டும்," என்றாள்.

தாணுமாலயன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். எல்லோரும் பார்க்கும் திசையில் அவரும் பார்த்தார். மேலே, முதல் மாடி வரை படிகளில் இறங்கி வந்த ஜெபமலர் எஸ்கலேட்டரின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். பட்டு தோளில் இல்லை. பழைய சாம்பல் சேலைதான். அதுவரை எஸ்கலேட்டரில் ஏறியதில்லை அவள். ஒவ்வொன்றாக வெளிவந்து கீழே ஓடும் படிகளை ஒருமுறை குனிந்து பார்த்தாள். துணிப்பையை இடது கைக்கு மாற்றி, கறுப்பு ரப்பர்க் கைப்பிடியை வலது கையால் பற்றிக்கொண்டு, காலை எடுத்து வைத்தாள். உடம்பு ஒருதரம் ஆடி நிதானப்பட்டது. அதற்குப் பிறகு அவள் காலைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. அவள் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டே அவளை மெல்ல மெல்லக் கீழே, அவர் நின்ற இடத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது.